ஆற்றோரத்து ஜோடி மரங்கள்

ஆற்றோரத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. இறந்துபோனவர் ஞாபகமாக ஒரு குடும்பம் ஆற்றோரத்தில் மரம் நட்டால், அன்றைக்கே நான் நாற்றுத் தோட்டத்தில் அதே வகைக் கன்று ஒன்றை எடுத்துப் பெரிய பையில் மாற்றி வைப்பேன். உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். அதை ஜோடி என்று சொல்வோம். நட்ட மரம் பட்டுப்போனால், ஆள் வராத நாளாகப் பார்த்து அதைத் தோண்டி எடுத்துவிட்டு, அதே குழியில் ஜோடியை வைத்து, பழைய பெயர்த் தகட்டை இதில் மாட்டிவிடுவோம். குடும்பத்துக்குச் சொல்ல மாட்டோம்.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்க தம்பி. யாரு பேரும் போடாதீங்க. சங்கத்துப் பேரும் வேணாம்," என்றார். அதனால் இதில் யாருக்கும் பெயர் இல்லை.

சங்கத்தை நடத்துகிறவர்கள் மூன்று பேர். அக்காதான் தலைவர். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈப்போ டவுன் பக்கம் சிலிபினில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. அக்கா மாடியில் போனில் பேசினால் கீழே கோழி வெட்டுகிறவர் பதில் சொல்லுவார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

அங்கிள் செயலாளர். சீனர். அவருடைய அப்பா சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அங்கிள் தமிழ் படித்தது அந்தக் கடையில்தான். அதனால் அவர் தமிழில் 'நீங்கள்' கிடையாது. ஒரு தடவை எங்கள் மரம் நடும் விழாவுக்கு வந்த தமிழ்ப் பெரிய மனிதர் ஒருவரைப் பார்த்து, "ஏன்டா லேட்டு? வெயில்ல எவ்ளோ நேரம் நிக்கிறது?" என்று கேட்டுவிட்டார். அன்று முழுக்க அக்கா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கிளுக்கு என்ன தப்பு என்று இன்றுவரை விளங்கவில்லை.

மூன்றாவது ஆள் வேன் ஓட்டுகிறவர். முன்பு தொழிற்சாலை பஸ் ஓட்டினார். என்னைவிடச் சில வயது இளையவர். வேன் ஓட்டுவது, ஆற்றில் குப்பை எடுப்பது, புல் வெட்டும் மிசின் பிடிப்பது எல்லாம் அவர்தான். கூடவே எல்லாரையும் கிண்டல் செய்வதும் அவர் வேலை.

நான் நாற்றுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஈப்போவுக்கு வெளியே பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆற்றோரத் துண்டு நிலம் அது. இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட அங்கே இல்லை. ஒரு பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை, இன்னொரு பக்கம் புதிய வீடுகளின் பின்சுவர். வருகிறவர்கள், "உங்க தோட்டமா இது?" என்று கேட்பார்கள். நான் பிறந்தது வேறு தோட்டம். அதையும் விற்றுவிட்டார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தோட்டத்திலும் பிறகு டவுனில் ஒரு பேரங்காடி வாசலில் காவலாளியாகவும் இருந்தேன்.

இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தது என் மனைவி. அவள் சிலிபின் அலுவலகத்தின் பின்னால் மறுபயனீட்டுக்கு வரும் பழைய பேப்பர், போத்தல்களைப் பிரிக்கும் வேலை செய்தாள். ஆள் வேண்டும் என்று அக்கா சொன்னவுடன், "என் வீட்டுக்காரரு இருக்காரு. செடின்னா நல்லா பாத்துக்குவாரு. ஆனா பேச்சு வராது, நீங்கதான் பேசிக்கணும்," என்றாளாம். அக்கா என்னை நேர்முகம் கண்டபோது கேட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவளே பதில் சொன்னாள். நான் தலையாட்டினேன். வேலை கிடைத்தது.

ஜோடி வைக்கும் பழக்கம் நான் சேர்ந்த புதிதில் வந்தது. மகளைப் பறிகொடுத்த ஓர் அம்மா நட்ட மரம் வெள்ளத்தில் போய்விட்டது. அக்கா நல்ல மனதோடு போன் செய்து சொன்னார். அந்த அம்மா போனை வைத்துவிட்டார். பிறகு வரவே இல்லை.

"ரெண்டாவது தடவ சாவுச் செய்தி சொன்ன மாதிரி ஆயிப்போச்சு," என்றார் அக்கா. "இனிமே யாருக்கும் சொல்லக்கூடாது."

"பொய் சொல்றதா?" என்று கேட்டார் அங்கிள்.

"பொய் சொல்ல வேணாம் அங்கிள். ஒன்னும் சொல்ல வேணாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆறு ஏறும்போதும், மாடு மேயும்போதும், நத்தை தின்னும்போதும் கன்றுகள் போகும். நானும் வேன்காரரும் மாற்றி நடுவோம். மண்ணைத் தட்டிச் சமன் செய்து, மேலே காய்ந்த இலையைப் பரப்பி, பழைய இடம்போல ஆக்கிவிடுவோம். ஒரே ஆளுக்கு மறுபடியும் மாற்றும்போது வேன்காரர், "அண்ணே, இந்த ஐயா மூனாவது பிறவி எடுத்துட்டாரு. நம்மள விட்டுப் போக மனசு இல்ல போல," என்பார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் வரும். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி, சீனர்கள் முன்னோரைக் கும்பிடும் சிங் மிங்குக்கு ஆரஞ்சு, தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கு. மாற்றி நட்டு மாதம் ஆகாத ஒரு மரத்தைப் பார்த்து ஒரு மகள், "அப்பா எப்டி வளந்துட்டாரு பாரு!" என்று தம்பியிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவன், "உயிரோட இருக்கும்போது இவ்ளோ நிமிந்து நின்னதில்லயே," என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை.

இன்னொருவர் அப்பாவின் மரத்துக்குக் பால் சேர்க்காத கோப்பி-ஓ பையில் கட்டி வாங்கி வந்து ஊற்றுவார். அந்த மரத்தை மாற்றியபின் வந்தவர் குனிந்து அடிமரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, நல்லா தண்ணி ஊத்துறீங்களா?" என்று கேட்டார். "ஊத்துறேன்," என்றேன். அவர் கோப்பியை ஊற்றிவிட்டுப் போனார்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸில் போனது. அங்கேயும் அவள் பக்கத்துக் கட்டிலோடு பேசிக்கொண்டிருப்பாள். நான் வெளியே நாற்காலியில் இருப்பேன். ஒரு நாள் மதியம் நர்ஸ் வெளியே வந்து என்னை உள்ளே கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஞாபகம் இருக்கின்றன. சாவு வீட்டுக்கு வந்த வாடகை நாற்காலியில் ஒன்றுக்குக் கால் உடைந்திருந்தது. யாரோ மீஹூன் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். உறைப்பு அதிகம். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. அழவில்லை. அழவேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்ப்பது தெரிந்தது, அது எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். கதவைத் தட்டினால் திறக்கவில்லை. கடைசியில் அக்கா கீழே தெருவில் நின்று கத்தினார். "தம்பி! செடியெல்லாம் காயுது! யாரு ஊத்துவா? அங்கிளு ஊத்தி எல்லாம் அழுவிக்கிட்டு இருக்கு!"

பக்கத்து வீடுகளில் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்த வெட்கத்துக்காகவே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

அவளுக்கும் ஒரு மரம் நட வேண்டும் என்று அக்கா சொன்னார். "என்ன மரம் வேணும் தம்பி?"

"இருக்கிறது ஏதாச்சும்."

கைக்கு எட்டிய பையைத் தூக்கினேன். மகிழம். முழங்கால் உயரத்தில் இரண்டாகப் பிரிந்த கன்று. வழக்கமாக ஒரு கிளையை வெட்டிவிடுவேன், இதை விட்டிருந்தேன். அக்கா டின்னை வெட்டி, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி அவள் பெயரை எழுதித் தகடு செய்திருந்தார். அங்கிள் குழியில் மண் தள்ளினார். இறந்துபோன அவருடைய மனைவிக்கும் ஆற்றோரமாகக் கொஞ்சம் மேலே ஒரு மகிழம் நிற்கிறது. தன் மனைவியைப்பற்றி அவர் பேசியதே இல்லை. அன்றைக்கும் பேசவில்லை. கையைத் தட்டிவிட்டு, "டேய் தம்பி, வா, தேத்தண்ணி குடி," என்றார்.

எல்லாருக்கும் ஜோடி எடுத்து வைக்கிற நான், அன்றைக்கு வைக்கவில்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. அது என் கணக்கில் சேரும் விஷயமாகத் தோன்றவே இல்லை.

அந்த மரத்துக்குத் தினமும் வேலை முடிந்து போகும்போது ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவேன். பேசமாட்டேன், கும்பிடமாட்டேன். ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுவேன். அந்த ஒரு வருடத்தில், யாரும் சொல்லாமல் நானாகச் செய்த ஒரே காரியம் அதுதான். மூன்று பேருக்கும் அது தெரியும். அந்த வாளிக்காகத்தான் நான் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வருடத் திதிக்கு ஆயர் தாவாரில் அவள் தங்கை வீட்டுக்குப் போனேன். அங்கே இருக்கும்போது அக்கா போன் செய்தார்.

"தம்பி, எப்ப வாரீங்க?"

"நாளைக்கு அக்கா."

"அவசரமே இல்ல. இருந்து ரெஸ்ட் எடுத்துட்டு மெதுவா வாங்க. அங்க கடல் பக்கம்தானே, போய்ப் பாத்துட்டு வாங்க."

குரல் மெதுவாக இருந்தது. அக்காவின் மெதுவான குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சரி என்றேன். கடலுக்குப் போகவில்லை. மைத்துனி வீட்டுக் கூடத்தில் இன்னும் ஒரு நாள் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலையில் ஆற்றோரத்தில் புல் எல்லாம் வெட்டியிருந்தது. மிசின் வருவதற்குமுன் மரங்களின் அடியில் இருக்கும் புல்லை நான் கையால் பிடுங்கிவிடுவது வழக்கம். மிசினில் சுழலும் நைலான் கயிறு ஒரு சுற்று பட்டால் போதும், இளமரத்தின் பட்டை வளையமாக உரிந்துபோகும், பிறகு அது தேறாது. இந்தத் தடவை பிடுங்க நான் இல்லை.

அவள் மரத்தடிக்கு வந்தேன். தகடு அவளுடையது. மரம் அவளுடையது இல்லை.

இரண்டாகப் பிரிந்த கிளை இல்லை. ஒரே நேர்த் தண்டு. மண்ணைத் தட்டிச் சமன் செய்து, மேலே காய்ந்த இலை பரப்பியிருந்தது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்திருந்தார்கள். முட்டுக் குச்சியில் மட்டும் பச்சை ராஃபியா பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தது. நான் சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டித்தான் கட்டுவேன். ராஃபியா வேன்காரருடைய கட்டு. பஸ் கூரையில் சாமான் கட்டுகிற முடிச்சு.

நான் நாற்றுத் தோட்டத்துக்குப் போனேன். ஜோடிகள் நிற்கும் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. பை இருந்த இடத்தில் மண் வட்டமாக ஈரமாகத் தெரிந்தது. பையின் அடியைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் இறங்கியிருந்த வேர்கள் அறுபட்டு வெள்ளையாகக் கிடந்தன. அது யாருடைய ஜோடி என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அங்கிளின் மனைவிக்காக நான் வளர்த்தது.

கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. கோப்பி ஊற்றுகிறவர் குனிந்து பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. பிறகு குழாயைத் திறந்து மற்றச் செடிகளுக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தேன்.

அன்று மூவரும் ஒன்றாக வந்தார்கள். அப்படி அவர்கள் வருவது விழாவுக்கு மட்டும்தான். அக்கா டப்பாவில் கோழி வறுவல் கொண்டுவந்திருந்தார்.

"சாப்பிடுங்க தம்பி. இளைச்சிட்டீங்க."

"போய் நாலு நாள்தானே அக்கா."

"நாலு நாள்ல இளைக்கக் கூடாதா?"

அங்கிள் நின்றுகொண்டே, "ஆத்தோரம் போனியா?" என்று கேட்டார்.

"போனேன் அங்கிள்."

"மரம் எல்லாம் ஓக்கே லா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வேன்காரர் மட்டும் உடனே வேறு பக்கம் திரும்பி, வேன் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். வந்ததிலிருந்து அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. மிசின் பிடித்தது அவர். மரம் மாறியிருப்பதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் அந்த மிசினைத் தொடமாட்டார். வேலைக்கே வராமல் போனாலும் போவார்.

"ஓக்கே அங்கிள்," என்றேன்.

அக்கா மூச்சு விட்டார். "அப்ப சாப்பிடுங்க," என்றார், பழைய குரலில்.

அன்று மாலை வழக்கம்போல வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊற்றுவதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினேன். மரம் எந்த மரமாக இருந்தால் என்ன, வெயிலில் நின்றது. ஊற்றினேன். வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

மாதங்கள் போயின. அவர்கள் மறைத்ததை நானும் மறைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வருகிறவர்களிடம், "இதுதான் தம்பியோட வீட்டம்மா மரம், பாருங்க எவ்ளோ நல்லா வருது," என்று காட்டுவார். நான் தலையாட்டுவேன். வேன்காரர் அந்த மரத்துப் பக்கம் வருவதே இல்லை. மிசினோடு வந்தால் அந்த இடத்தைத் தாண்டி அப்பால் போய்த்தான் முடுக்குவார். கிண்டல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, ஆனால் மூன்றாவது பிறவி என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

மழைக்காலத்தில் மகிழம் பருத்தது. அப்போதுதான் ராஃபியா கயிறு தொந்தரவு ஆனது. டியூப் என்றால் மரம் பருக்கப் பருக்க இழுத்துக்கொடுக்கும். ராஃபியா கொடுக்காது. ஒரு நாள் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தேன், கயிறு பட்டைக்குள் அழுந்த ஆரம்பித்திருந்தது. அப்படியே விட்டால் அந்த இடத்தில் கழுத்து நெரித்த மாதிரி ஆகி, மேலே எல்லாம் காயும்.

அவிழ்த்து வேறு கட்டினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். நட்டபோது நான் கட்டியது கறுப்பு டியூப் என்று வேன்காரருக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து குச்சியைப் பிடித்தவர் அவர்தான். பச்சைக் கயிற்றைக் கண்டும் ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன் என்பது வெளிச்சமாகிவிடும்.

இரண்டு மூன்று நாள் கயிற்றைப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். யாராவது தற்செயலாக அறுத்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். யாரும் அறுக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். கயிற்றின் அடியில் நுனியை நுழைத்து அறுத்தேன். பட்டையில் பள்ளமாக ஒரு கோடு இருந்தது. டியூப் கீற்றை எட்டுப் போலச் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் காலடி கேட்டது. வேன்காரர் மிசினைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். என் கையில் அறுந்த பச்சைக் கயிறு இருந்தது.

"அண்ணே," என்றார்.

"இறுகிடுச்சி," என்றேன். "பட்டைய வெட்டுது."

அவர் கயிற்றைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆயர் தாவார்லேர்ந்து வந்தன்னிக்கே."

அவர் மிசினைக் கழற்றிக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு அதைக் கேட்கத் தைரியம் இல்லை. "மழ வரும் போல இருக்கு, புல்ல வெட்டிடுங்க," என்றேன்.

அவர் மிசினை எடுக்கவில்லை. என் பக்கத்தில் குந்தி, அந்த மரத்தடியில் இருந்த புல்லைக் கையால் பிடுங்க ஆரம்பித்தார். நானும் மறுபக்கம் குந்திப் பிடுங்கினேன். அந்த மரம் முடிந்ததும் அவர் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். மதியம்வரை மிசின் கீழேயே கிடந்தது. அன்றைக்குப் பாதி வேலைதான் முடிந்தது.

அவர் மற்ற இருவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அக்கா அடுத்த நாள் வந்து, கறுப்பு டியூப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் போனார். அந்த மரத்தை வருகிறவர்களிடம் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அந்த வாரம் பழைய மகிழ மரம் ஒன்றின் அடியில் விழுந்து கிடந்த விதைகளைப் பொறுக்கிப் பைகளில் போட்டேன். சில வாரம் கழித்து முளைத்ததில் நல்லதாக இரண்டை எடுத்து ஜோடி வரிசையில், காலியாக இருந்த வட்டத்தில் வைத்தேன். உரம் இறக்க வந்த அங்கிள் பார்த்துவிட்டார்.

"இது யாரோடது?"

"ஒன்னு என்னோடது அங்கிள். இன்னொன்னு உங்களோடது."

"என் மரம் நல்லாதான்டா இருக்கு."

"இருக்கட்டும்."

அவர் கன்றுகளைக் குனிந்து பார்த்தார். ஒரு விரல் உயரம்கூட இல்லை. இரண்டு கன்றும் மரத்தின் உயரத்தைப் பிடிக்க ரொம்ப வருடம் ஆகும், அதற்குள் என்னவும் நடக்கலாம் என்பது இருவருக்கும் தெரியும்.

"ரொம்ப தண்ணி ஊத்தாத," என்றார். "அழுவிப் போயிடும்."

"சரி அங்கிள்," என்றேன். அவர் உர மூட்டையைத் தூக்கினார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.